கிம்பர் துரை வைத்த புள்ளிகள்

பத்திரம் எழுதப் போன அன்று பிரியங்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். திருப்பதியில் ஒரு பெரிய லாட்ஜின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. விடிந்தால் போர்வை, பொழுது போனால் போர்வை. ஒரு நாள் லீவு கேட்டாலே சூப்பர்வைசர் முகம் கோணும். ஆனால் அன்றைக்கு அவள் அண்ணன் தமிழ்செல்வன் அரசம்பட்டு நிலத்தில் எழுபது சென்ட்டைத் தங்கை பேருக்கு எழுதிக் கொடுக்கப்போகிறான். அந்த யோசனை அவனுடையது அல்ல, அவன் மனைவி கன்னிகாவுடையது. மாமனார் செத்து ஐந்து வருஷம் ஆகியும் நாத்தனாருக்கு ஒரு சாண் மண் கூடக் கொடுக்கவில்லை என்று அவள் விடாமல் சொல்லிச் சொல்லி அவனைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

ரிஜிஸ்டர் ஆபீசில் ஆபரேட்டர் சர்வே நம்பரை அடித்தார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு மானிட்டரை இவர்கள் பக்கம் திருப்பினார்.

"இது சுக்கல பூமிம்மா. ரிஜிஸ்டர் ஆகாது."

சுக்க என்றால் தெலுங்கில் புள்ளி. வெள்ளைக்காரன் காலத்தில் நிலம் அளந்து எழுதிய பதிவேட்டில், யாருடைய நிலம் என்று பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் பெயருக்குப் பதிலாகப் புள்ளிகள் வைத்திருக்கிறார்கள். பெயர் இல்லாததால் அது சர்க்கார் நிலம் மாதிரி ஆகிவிட்டது. உழலாம், அறுக்கலாம், ஆனால் எழுதிக் கொடுக்க முடியாது.

பிரியங்கா திரைக்குக் கிட்டே போய் எண்ணினாள்.

"பன்னெண்டு புள்ளி கீது அண்ணி. அவ்ளோ நீளமா இன்னா பேரு இருந்திருக்கும்?"

கன்னிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்து பிரியங்காவுக்கும் வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரு கெட்ட பழக்கம்: சிரிக்கக் கூடாத இடமாகப் பார்த்துத்தான் சிரிப்பு வரும். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும்போது, பாங்கி மேனேஜர் முன்னால், ஒரு தடவை சாவு வீட்டில் கூட. தமிழ்செல்வன் இரண்டு பேரையும் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தான்.

"நெலம் நம்புளுது இல்லன்றான், நீங்க சிரிச்சிக்கினு நிக்கிறீங்க" என்றான். அவன் ரேணிகுண்டாவில் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவன். பகலெல்லாம் நெருப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பதாலோ என்னவோ, எளிதில் சிரிக்க மாட்டான்.

அவன் கோபம் நியாயமானதுதான். அவனுடைய தாத்தா வீராசாமி அந்த நிலத்தில் உழுதார். வீராசாமியின் நைனா சின்னானும் உழுதார் என்று கேள்வி. சேரியிலேயே நிலம் என்று இருந்தது அந்த ஒரு குடும்பத்துக்குத்தான். மற்றவர்கள் எல்லாம் இப்போது ஒரு இருபது வருஷமாகத்தான் நிலம் பார்த்தார்கள். இவர்கள் நூறு வருஷமாக உழுத மண்ணுக்கு உடையவர் பன்னிரண்டு புள்ளி என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது.

சித்தூரில் ஹரிபிரசாத் என்று ஒரு வக்கீல் இருந்தார். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். அப்போதுதான் சித்தூர் மாவட்டம் பிரிந்திருந்தது. அரசம்பட்டு திருப்பதிப் பக்கம் போய்விட்டது. பழைய காகிதங்கள் சித்தூரில் இருந்தன. ஹரிபிரசாத் ஒரு காகிதத்தில் இரண்டு வட்டம் போட்டு இதைக் காட்டினார்.

"புள்ளிய எடுக்கறதுக்குச் சட்டம் இருக்கு. திருப்பதியில விசாரணை நடக்கும். ஆனா புள்ளி வச்ச காலத்துல நிலம் உங்க குடும்பத்துக்கிட்டதான் இருந்ததுன்னு ஒரு பழைய காகிதம் வேணும். வீராசாமி பேருல இருக்கிற வரி ரசீது எல்லாம் சுதந்திரத்துக்கு அப்புறம். அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி எங்களுக்கு காகிதம் யாரு சார் குடுத்தா?" என்றாள் கன்னிகா.

"நீங்க வாங்கலைன்னாலும், நீங்க குடுத்த காகிதம் எதாவது இருக்கலாம். அந்தக் காலத்துல மனு எழுதாத ஆளே கிடையாது. ரெக்கார்டு ரூம்ல தேடறதுக்கு நான் அனுமதி வாங்கித் தரேன்."

ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொண்டவர் நாகேந்திரன். ரிட்டையர் ஆக நான்கு மாசம் இருந்த மனிதர். இவர்கள் தேடுகிற வருஷங்களைச் சொன்னதும் அவர் ஏணியை நகர்த்தி, மேல் தட்டில் இருந்து சிவப்புத் துணியில் கட்டிய மூன்று மூட்டைகளை இறக்கினார். ஒவ்வொன்றின் மேலும் தெலுங்கில் ஒரே வார்த்தை எழுதியிருந்தது: அரவம். தெலுங்குக்காரர்கள் தமிழுக்குச் சொல்கிற பெயர்.

"முப்பத்திரண்டு வருஷமா இங்க இருக்கேன்" என்றார். "தமிழ் பேச வரும், படிக்க வராது. எனக்கு முன்னாடி இருந்தவருக்கும் வராது. இந்த மூட்டையை யாரும் அவுத்தது இல்ல."

பிரியங்கா தெலுங்கு மீடியம். தமிழில் பஸ் போர்டு படிப்பாள், அவ்வளவுதான். கன்னிகா மட்டும் தமிழ்நாட்டில் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். பத்தாவது வரை தமிழில் படித்தவள். கல்யாணமாகி வந்து பதினாறு வருஷத்தில், அந்தப் படிப்பால் இந்த ஊரில் ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை. இப்போது நாகேந்திரன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டு, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். கன்னிகா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் மூட்டையை அவிழ்த்தாள்.

முதல் அரை மணி ஒன்றும் புரியவில்லை. எழுத்துகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று கைகோத்துக்கொண்டு ஓடின. அப்புறம்தான் கவனித்தாள். மனு எழுதினவர்கள் யாருமே மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை. அந்தக் காலத்துக் கையெழுத்தே அப்படி.

"எந்த எழுத்துக்கும் புள்ளியே கெடையாது பிரியா."

"எல்லாத்தையும் நம்ப நெலத்துல கொண்டாந்து வச்சிட்டானுங்க போல கீது" என்றாள் பிரியங்கா.

நாகேந்திரன் முதலில் தும்மினார் என்று நினைத்தார்கள். இல்லை, சிரித்தார்.

மூன்று வாரம், வாரத்துக்கு ஒரு நாள் போனார்கள். கன்னிகா படிப்பாள், பிரியங்கா கட்டைப் பழையபடி அடுக்கிக் கட்டுவாள். போர்வை மடித்துப் பழகிய கை, ஒரு காகிதம் பிசகாது. படிக்கப் படிக்க கன்னிகாவுக்கு வீட்டுக்குப் போகவே மனசு வரவில்லை. ஏரி உடைந்தது, மாடு காணாமல் போனது, மாப்பிள்ளை ஓடிப்போனது, தலையாரி குடித்துவிட்டு டமாரத்தைக் கிழித்தது, எல்லாவற்றுக்கும் மனு. ஹரிபிரசாத் சொன்னது சரிதான். மனு எழுதாத ஆளே இல்லை.

மூன்றாவது வாரம் பகல் சாப்பாட்டுக்கு முன்னால், கன்னிகா ஒரு காகிதத்தைக் கையில் எடுத்து, ஊர்ப் பேரைப் படித்து, அப்படியே எழுந்து நின்றுவிட்டாள்.

"அரசம்பட்டு" என்றாள். "உக்காரு பிரியா. நாகேந்திரன் சார், நீங்களும் உக்காருங்க."

சத்தமாகப் படித்தாள்.

"மகாராஜராஜஸ்ரீ கலெக்டர் துரையவர்கள் சமூகத்துக்கு, அரசம்பட்டு கிராமம் சேரியில் இருக்கும் காலஞ்சென்ற முனியன் பெண்ஜாதி செல்லியம்மாள் அநேக சலாம் செய்து எழுதிக்கொண்ட மனு. 1913ம் வருஷம் ஜூன் மாதம் 4ம் தேதி, நிலம் அளக்கும் கிம்பர் துரையவர்கள் எங்கள் கிராமத்துக்கு வந்து சங்கிலி பிடித்து அளந்து வருகையில், காற்றடித்து துரையவர்களுடைய தொப்பி பறந்து, குளத்தில் படுத்திருந்த எருமையின் கொம்பில் மாட்டிக்கொண்டது. எருமை எழுந்து நடந்தது. துரையவர்கள் பின்னால் ஓடினார்கள். எருமையும் ஓடிற்று."

கன்னிகா நிறுத்தினாள். தோள் குலுங்க ஆரம்பித்திருந்தது. காகிதத்தை மேசையில் வைத்து, தண்ணீர் குடித்து, மறுபடி எடுத்தாள்.

"கணக்குப்பிள்ளை, தலையாரி, சங்கிலி பிடித்த நான்கு பேர், இன்னும் சகல ஜனங்களும் சிரித்தார்கள். துரையவர்கள் சேறோடு திரும்பி வந்து, சிரித்தது யார் என்று கேட்க, ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் மாத்திரம், நான் சிரித்தேன் என்று ஒப்புக்கொண்டேன். அதன்பேரில் துரையவர்கள் என் பேர் எழுதவேண்டிய இடத்தில் புள்ளி வைத்துவிட்டார்கள். எருமை என்னுடையதல்ல. எருமைக்கு உடையவருடைய பூமிக்கு அவர் பேரில் பட்டா எழுதியாயிற்று. நான் பதினொரு வருஷமாய் முள் வெட்டிக் கல் பொறுக்கிப் பயிரிட்ட பூமி. என் பிள்ளைகள் சின்னான், கோவிந்தன், பொன்னி மூவரும் சிறுவர். ஆகையால் துரையவர்கள் வைத்த புள்ளியை எடுத்து என் பேரைப் போடும்படி வேண்டிக்கொள்கிறேன். செல்லியம்மாள் கைநாட்டு."

கீழே மங்கிப்போன நீல மையில் ஒரு கட்டைவிரல்.

தாத்தாவைப் பெற்ற சின்னானின் பெயர் வந்தபோதே பிரியங்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் எருமை இன்னும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். நாகேந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

"பின்னாடி பாரும்மா. சிவப்பு மை தெரியுது" என்றார்.

காகிதத்தைத் திருப்பினாள். இங்கிலீஷில் நான்கு வரி. நாகேந்திரன் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். "பெண் சிரித்தது உண்மை. மரியாதை கற்றுக்கொள்ளும் வரை அவள் பெயர் புள்ளியாகவே இருக்கட்டும். மனு தள்ளுபடி. கையெழுத்து, ஆர். எச். கிம்பர்."

அவர்கள் நகலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, செல்போனில் எடுத்த போட்டோவோடு ஹரிபிரசாத்தின் அறைக்கு நடந்தார்கள். பிரியங்கா நடக்கவில்லை, ஏறக்குறைய ஓடினாள். கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடைக்காரரிடம், முன்பின் தெரியாத ஆளிடம், "எங்க தாத்தாவுக்குப் பாட்டி கெடச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஹரிபிரசாத் போட்டோவைப் பெரிசு பண்ணிப் படித்தார். எருமை வந்த இடத்தில் அவர் சிரிக்கவில்லை. சிவப்பு மை வந்த இடத்தில்தான் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"புகார் யார் மேல? கிம்பர் மேல. தள்ளுபடி பண்ணது யாரு? கிம்பர். தன்மேல வந்த புகாருக்குத் தானே தீர்ப்பு எழுதியிருக்கான்மா. அது எந்தக் காலத்துலயும் செல்லாது. அப்பவும் செல்லாது, இப்பவும் செல்லாது." அறைக்குள் இரண்டு தரம் நடந்தார். "அதுவும் நிலம் அவ கையில இல்லைன்னு அவன் எழுதல. அவ சிரிச்சான்னு எழுதியிருக்கான். எனக்குச் சாட்சியே கிம்பர்தான்."

"அவரு கோர்ட்டுக்கு வருவாரா சார்?" என்றாள் பிரியங்கா.

அந்த வக்கீல் இரண்டு வருஷத்தில் அன்றுதான் தன் அறையில் வாய்விட்டுச் சிரித்தார் என்று அவருடைய குமாஸ்தா பிற்பாடு சொன்னார்.

விசாரணை திருப்பதியில், ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு. தமிழ்செல்வன் வரும் வழியெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னான்.

"உள்ள போனா தரையப் பாத்துக்கினு நில்லுங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கக் கூடாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஒரு தபா சிரிச்சதுக்கே நூறு வருசம் போயிட்ச்சி."

விசாரித்தவர் ஐம்பது வயசு மதிக்கத்தக்க பெண் அதிகாரி. பருத்திப் புடவை, ஒட்ட வாரின தலை, மேசையில் ஒரு தூசி கிடையாது. சர்க்கார் தரப்பு வக்கீல் ஒருவர் இருந்தார். அவர் எழுந்து தெலுங்கில் சொன்னது இதுதான்: அந்தக் காலத்து அதிகாரி ஏதோ காரணம் இருந்துதான் புள்ளி வைத்திருப்பார், அது என்ன காரணம் என்று இன்று நாம் போய் அவரைக் கேட்க முடியாது.

"கேக்க வேண்டாம் மேடம்" என்றார் ஹரிபிரசாத். "அவரே எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு."

அதிகாரி நகலை வாங்கிப் பார்த்தார். தமிழ் என்றதும், "படிக்கிறவங்க யாரு?" என்று கேட்டார். கன்னிகா முன்னால் வந்தாள். நாத்தனார் இருந்த பக்கம் திரும்பாமல், தரையையும் காகிதத்தையும் மட்டும் பார்த்துப் படித்தாள். ஹரிபிரசாத் வரிக்கு வரி தெலுங்கில் சொன்னார். தொப்பி பறந்தது. எருமை எழுந்தது. துரை ஓடினார். எருமையும் ஓடிற்று.

அந்த இடத்தைக் கன்னிகா எப்படியோ தாண்டிவிட்டாள். "எருமை என்னுடையதல்ல" என்ற இடத்தில்தான் சர்க்கார் வக்கீலின் தொண்டையிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பியது. அவர் அதை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. ஓரமாக நின்ற டவாலிச் சேவகர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிரியங்கா தமிழ்செல்வனின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது. அவள் அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு, மூக்கு விடைக்க, கண்ணில் நீர் வழிய நின்றான். அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

அதிகாரி பேனாவை மூடினார். "ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு உள் அறைக்குப் போனார். கதவு சாத்திய பிறகு உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார்.

"சின்னான் மகன் வீராசாமி பேருல ரசீது இருக்கு?"

"இருக்கு மேடம்."

"வீராசாமிக்கு அப்புறம் இன்னைக்கு வரைக்கும் நீங்கதான் பயிர் வைக்கிறீங்க?"

"நாங்கதான். இப்போ வேர்க்கடலை நிக்குது" என்றான் தமிழ்செல்வன்.

அவர் சர்க்கார் வக்கீலைப் பார்த்தார். அவர் எழுந்து, மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை என்றார். பெயரைச் சேர்த்து உத்தரவு போடுவதாக அதிகாரி சொல்லி, அடுத்த கட்டை எடுக்கக் கை நீட்டினார். எல்லோரும் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். கன்னிகா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"மேடம், இன்னொன்னு. அந்த மனுக்கும் ஒரு பதில் வேணும்."

ஹரிபிரசாத் அவளைத் திரும்பிப் பார்த்தார். இது அவர்கள் பேசி வைத்தது அல்ல.

"நிலம்தான் வந்துடுச்சேம்மா" என்றார் அதிகாரி. தமிழிலேயே சொன்னார்.

"நெலம் எங்களுக்கு வந்துச்சி மேடம். அந்த அம்மா நாயம் கேட்டு எழுதினாங்க. யாருமேல எழுதினாங்களோ அவுங்களே தள்ளுபடின்னு எழுதிட்டாங்க. அவுங்க மரியாதை தெரியாதவங்கன்னு சர்க்கார் காகிதத்துல சிவப்பு மையில அப்படியே நிக்குது. அந்த அம்மா பொய் சொல்லல. மேல இருக்கறவங்க ஒருத்தர் அதப் படிச்சிப் பாத்து ஒரு பதில் எழுதணும். அவ்ளோதான்."

அவள் செல்லியம்மாளின் ரத்தம் இல்லை, மருமகளாக வந்தவள். ஆனால் அந்தக் குடும்பத்தில் அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். மூன்று வாரமாகப் படித்த மற்ற மனுக்களுக்குப் பதில் வந்ததா என்று அவளுக்குத் தெரியாது. இதற்காவது வர வேண்டும் என்று இருந்தது.

அதிகாரி நகலைத் திருப்பி அந்த நான்கு வரியை இன்னொரு தடவை வாசித்தார்.

"செத்துப்போன ஆளுக்கு என்னால தண்டனை குடுக்க முடியாதும்மா."

"தண்டன வேணாம் மேடம்."

"சரி. உத்தரவுல எழுதறேன்."

பன்னிரண்டு நாள் கழித்து உத்தரவு தயாராகிவிட்டது என்று போன் வந்தது. கன்னிகா அரசம்பட்டிலிருந்து பஸ் ஏறினாள். பிரியங்கா ஷிப்டு முடித்து நேராக வந்தாள். அவள் மேலெல்லாம் சோப்புத்தூள் வாசனை. தெலுங்கில் இரண்டு பக்கம். ஆபீசுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பிரியங்கா படித்துத் தமிழில் சொன்னாள். முதல் பக்கத்தில் நிலம். இரண்டாம் பக்கத்தில் தனியாக ஒரு பாரா.

"செல்லியம்மாள், காலஞ்சென்ற முனியன் மனைவி, 1913இல் கொடுத்த புகார் இன்று பரிசீலிக்கப்பட்டது. புகார் உண்மை. புகாருக்கு ஆளான அதிகாரியே அதைத் தள்ளுபடி செய்தது தவறு. சிரிப்பதால் ஒருவருடைய நில உரிமை போகாது. அவரைப் பற்றி எழுதிய குறிப்பு ரத்து செய்யப்படுகிறது."

"இன்னொரு தபா படி" என்றாள் கன்னிகா.

படித்தாள்.

"சிரிப்பதால்னு வருதே, அதிலிருந்து."

மறுபடி படித்தாள். அப்புறம் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினார்கள். இளநீர்க்காரர் கத்தியை நிறுத்திவிட்டு என்னம்மா விஷயம் என்று கேட்டார். அவருக்கும் படித்துக் காட்டினார்கள்.

பஸ்ஸில் விஷயம் இன்னும் முற்றியது. பக்கத்து சீட்டில் பூக்கட்டிக்கொண்டு வந்த அம்மா எட்டிப் பார்த்து, "இன்னா காகிதம் அது, ரெண்டு பேரும் அப்படி சிரிச்சிக்கினு வர்றீங்க?" என்று கேட்டாள். கன்னிகா மனுவைத் தமிழில் படித்தாள். பிரியங்கா உத்தரவைத் தெலுங்கில் படித்தாள். முன்னாலிருந்து, கேட்கவில்லை என்று குரல் வந்தது. கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை விட்டுவிட்டுக் கம்பியில் சாய்ந்து நின்றார். புத்தூரில் ஏறினவர்களுக்காக எருமை இன்னொரு தடவை குளத்திலிருந்து எழுந்து நடந்தது. காணிப்பாக்கம் போய்விட்டு வந்த ஒரு குடும்பம் ஆளுக்கு ஒரு துண்டு பிரசாதம் கொடுத்தது. துரைக்குத் தொப்பி திரும்பக் கிடைத்ததா என்று டிரைவர் கேட்கச் சொன்னார். மனுவில் அது இல்லை. கிடைத்திருக்காது என்று பின் சீட்டிலும், கணக்குப்பிள்ளை போட்டுக்கொண்டிருப்பான் என்று முன் சீட்டிலும் சண்டை நடந்தது.

யாரும் வெளியே பார்க்கவில்லை. கன்னிகா நிமிர்ந்தபோது நாராயணவனம் தாண்டி, இவர்கள் இறங்க வேண்டிய கைகாட்டியும் தாண்டி, இரண்டு கிலோமீட்டர் போயிருந்தது. பஸ்ஸே சேர்ந்து கத்தி நிறுத்தியது. இறங்கின பிறகும் ஜன்னல்களில் கைகள் ஆடிக்கொண்டே போயின.

வெயில் இன்னும் இருந்தது. இருவரும் வந்த வழியே நடந்தார்கள்.

"என் எழுவது சென்ட்டுல மல்லி வெக்கலாம்னு கீறேன் அண்ணி" என்றாள் பிரியங்கா.

"மல்லிக்கு அந்த மண்ணு ஆவாது. கேழ்வரகு வை."

"மல்லிதான்."

"நீ போர்வ மடிக்கறவ, உனுக்கு இன்னா தெரியும் மண்ணப்பத்தி?"

"என் நெலம். நான் மல்லி வெப்பேன், எர்க்கஞ்செடி வெப்பேன், உனுக்கு இன்னா?"

கன்னிகா நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள். என் நிலம் என்று அவள் சொல்லி அன்றுதான் கேட்கிறாள்.

"சரி, வை" என்றாள். "ஆனா தண்ணி நீதான் கட்டணும்."

மல்லியா கேழ்வரகா என்று ஊர் வரும் வரை பேசிக்கொண்டே போனார்கள்.